வெரேனாவின் குரல்

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் வெரேனா, "காலமை என்ர ஸ்டிம்மயைக் குடுத்திட்டு வந்திட்டன்" என்றாள். ஜெர்மன் வகுப்பில் புனிதவதி படித்தபடி ஸ்டிம்ம என்றால் குரல். நன்றாகத்தானே கதைக்கிறாள், குரலை யாரிடம் கொடுத்தாள்? ஒக்டோபர்க் குளிருக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். முடிவு கட்டுவதில் புனிதவதி கெட்டிக்காரி.

மறுநாள் காலை ஓஸ்டர்முண்டிகனில் இருந்த வீட்டில், வெரேனாவின் தொண்டைக்கென்று கொத்தமல்லி, இஞ்சி, மிளகு போட்டு அவித்துப் பிளாஸ்க்கில் ஊற்றினாள். கணவன் நித்தியானந்தன் ரேடியோவுக்குக் காதைக் கொடுத்திருந்தான். அவர்களுடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது.

"இண்டைக்கு எலக்சன் முடியுது. வாற பார்லிமென்டைப் பொறுத்துத்தான் எங்களை அனுப்பிறதும் விடுறதும். இந்தியா ஒப்பந்தம் போட்டிட்டுது, இனி அங்க சமாதானமாம்."

"யாழ்ப்பாணத்தில ஷெல் விழுகுது. அது சமாதானமோ?"

"அதை இவையளுக்கு ஆர் சொல்லுறது? எங்களுக்கு வோட்டிருக்கோ?"

ஆஸ்பத்திரிக் குசினியில் புனிதவதி பிளாஸ்க்கைத் திறந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கோப்பையை நீட்டினாள். விஷயம் விளங்கியதும் வெரேனா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தக் குரல் இல்லை, புனிதா. வோட்டு! ரெண்டுக்கும் எங்களிட்ட ஒரே சொல்."

புனிதவதியும் வெட்கத்தோடு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், பஸ் தரிப்பில் ஒட்டியிருந்த ஒரு கட்சியின் எலக்சன் நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. ஆட்கள் பிதுங்கும் படகு, கீழே 'இடமில்லை' என்ற எழுத்து. வந்த நாள் தொட்டுப் பக்கத்தில் நின்று வேலை பழக்கியவள் வெரேனா; இவள் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தவள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

வெரேனா துணியை மடித்தாள், விரித்தாள். "என்ர மனுசன்தான் எழுதி மடிச்சுத் தருவார். நான் பெட்டிக்குள்ள போடுறனான். எங்கட பொம்பிளையளுக்கு வோட்டுக் கிடைச்சே பதினாறு வருசம்தான். அண்டு தொட்டு அப்பிடித்தான்."

"அவர் ஆருக்கு எழுதினவர்?"

வெரேனா ஜன்னலுக்கு வெளியே பஸ் தரிப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

புனிதவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. மூடியைத் திருகும்போதுதான், ஊரில் தான் வோட்டுப் போட்ட அந்த ஒரே தடவை ஞாபகம் வந்தது. வீட்டில் அப்பா காட்டிவிட்ட சின்னத்துக்கு நேரே கேள்வி கேட்காமல் புள்ளடி போட்டுவிட்டு வந்தாளே, அது. திருகிய கை அப்படியே நின்றது.

வெரேனா ஆறிப்போயிருந்த கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். மிளகு ஏறியிருக்க வேண்டும். கண் கலங்கியது. கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

புனிதவதி மூடியைக் கழற்றினாள். வெரேனா கோப்பையை மறுபடியும் நீட்டிக்கொண்டு நின்றாள்.