கண் விழிக்காமலும் போகலாம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆங்கில இலக்கணப் பயிற்சியில் பிறந்தது. 'மைட் நாட்', 'மே நாட்', 'காண்ட் பி' என்று ஒரு பக்கம் முழுக்கக் கோடிட்ட இடங்கள். நிச்சயமில்லாததை எப்படிச் சொல்வது என்று அடித்துச் சொல்லிக்கொடுக்கும் பக்கம். எதை எங்கே போட்டாலும் எனக்குச் சரியாகவே பட்டது. விடையைப் பார்த்தால் எல்லாம் தப்பு. மண்டை காய்ந்துபோய், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும் வேலை பார்க்கும் என் மைத்துனியிடம் கேட்டேன்.

"மைட் நாட்டுக்கும் மே நாட்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"சொல்றவங்களுக்குப் பெருசா ஒண்ணுமில்ல அத்தான். கேக்குறவங்க முகத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தை வெளியே பேசக்கூடாதாம். ஆகவே இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: 'டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்து —'

(வேண்டாம். சினிமாவில்தான் அப்படி வருவார்கள்.)

தொடக்கம் இரண்டு: 'மரணம் என்பது —'

(இது அதைவிட மோசம். கதை நகர்வதற்குள் ஆளைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறேன்.)

தொடக்கம் மூன்று: தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டி, நோயாளியின் வீட்டாரிடம் பேசுவதற்கென்றே ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஒரு நாற்காலியில் தமிழ் தெரியாத பெண் டாக்டர். எதிரே, துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்ததால் அவருடைய ரவிக்கைக் கையில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவே, சற்றுப் பின்தள்ளி, துபாஷி.

இது நிற்கும் போலிருக்கிறது.*

(*துபாஷி என்பது இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கும் ஆளுக்குப் பழைய பெயர். கூட வேலை செய்பவர்கள் கிண்டலாக வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.)

துபாஷியான அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அந்த அம்மா 'நான்' என்றாலும் அப்படியே. இவளுக்கென்று ஒரு 'நான்' அந்த அறையில் இல்லை. யாராவது தவறிப்போய் இவளையே ஏதாவது கேட்டுவிட்டால், 'இது துபாஷியைக் கேட்ட கேள்வி' என்று முதலில் அறிவித்துவிட்டு, அதையும் மொழிபெயர்த்துவிட வேண்டும்.

3

அந்த அம்மாவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மூளையில் ரத்தம் கசிந்து, ஆபரேஷன் முடிந்து, நினைவில்லாமல் உள்ளே கிடக்கிறார். அவர்களுக்கு ஒரே மகன். அப்பாவும் மகனும் பேசிப் பல வருஷமாகிறது.

எதனால்? இந்த மகனைப் பற்றி எனக்கே சந்தேகம் தீரவில்லை. முதலில் சொத்துத் தகராறு என்று எழுதினேன். அடித்துவிட்டேன். காதல் கல்யாணம் என்று எழுதினேன். அது யார் வேண்டுமானாலும் எழுதுவது. கடைசியில் இப்படி முடிவானது: இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. ஒரு லிஃப்டின் பிரேக்கைப் பார்க்காமலே பார்த்ததாக அப்பா கையெழுத்துப் போட்டார். மகன் மேலிடத்தில் சொல்லிவிட்டான். அப்பாவுக்கு வேலை போயிற்று. மகன் செய்தது சரிதான். சரியாக இருந்ததால்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

4

"ஹி மைட் நாட் வேக் அப்" என்றார் டாக்டர்.

"அவர் கண்ணு முழிக்காமலும் போகலாம்" என்றாள் துபாஷி.

(அந்த 'உம்'மை டாக்டர் கொடுக்கவில்லை. தமிழ் கொடுத்ததா, இவள் கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது.)

"போகலாம்னா? முழிக்கவே மாட்டாரா?"

"முழிக்க மாட்டார்னு என்னால சொல்ல முடியாது." டாக்டரின் பதில், துபாஷியின் குரலில்.

"அப்ப முழிச்சிடுவாரா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

அந்த அம்மா டாக்டரைப் பார்த்தார், துபாஷியைப் பார்த்தார், மறுபடியும் டாக்டரைப் பார்த்தார். "ரெண்டும் சொல்ல முடியாதுன்னா நான் என்னதான் பண்றது? என் பையனை வரச் சொல்லணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க. இவரு முழிச்சு எதிர்ல அவனைப் பாத்தா, அந்தக் கோவத்துலயே மறுபடியும் ரத்தம் கசிஞ்சிடும். முழிக்காம போயி, நான் அவனுக்குச் சொல்லாம விட்டிருந்தா, அவன் ஜென்மத்துக்கும் என் முகத்துல முழிக்க மாட்டான்."

துபாஷி மூச்சுப் பிடித்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இதைப் பத்தி முன்னாடி ஏதாவது சொல்லியிருக்காரா?" டாக்டர் கேட்டதைத் தமிழில் கேட்டாள்.

"நான் செத்தாக்கூட அவன் வரக்கூடாதுன்னாரு." அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "செத்தாத்தான் வரக்கூடாதுன்னாரு. உடம்பு முடியலைன்னா வரக்கூடாதுன்னு சொல்லல."

இதை மொழிபெயர்க்கையில் துபாஷிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டர் சிரிக்கவில்லை. அது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு என்று மட்டும் சொன்னார்.

5

அப்போதுதான் அந்த அம்மா சட்டென்று துபாஷியின் கையைப் பிடித்தார்.

"நீ சொல்லும்மா. தினமும் இந்த ரூம்லதானே இருக்க. இப்படிப் பேசினதுக்கு அப்புறம் யாராவது எழுந்து உக்காந்திருக்காங்களா?"

துபாஷி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஆனால், யாரைக் கேட்ட கேள்வி என்று அறிவிக்க மறந்துவிட்டாள்.

(மறந்துவிட்டாளா? நான் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். அவளுக்கும் பதில் வேண்டியிருந்தது, அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அப்படிப்பட்டவளாக இல்லாமலும் —)

டாக்டர் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். தினமும் அந்த அறையில் இருப்பவர் அவரும்தானே. இதுவரை பட்டும் படாமலும் பேசியவர், தரையைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னார்: "நாட் மெனி."

அதே நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த அம்மா துபாஷியின் கையை இன்னும் விடவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இவள் எதைச் சொன்னாலும் அது இவள் பதிலாகத்தான் அவர் காதில் விழும். 'எழுந்தவங்களும் இருக்காங்க' என்று சொல்லலாம், அது பொய்யாகாது.

"அதிகம் பேர் இல்லம்மா" என்றாள்.

6

முடிவு ஒன்று: மகன் வருகிறான். அப்பா கண் விழிக்கிறார். இருவரும் —

(இல்லை. இது நான் ஆசைப்படுவது.)

முடிவு இரண்டு: அந்த அம்மா மகனை அழைக்கவேயில்லை.

(இதுவும் இல்லை. நூல் ஒட்டிய கையோடு ஓடி வந்தவர் அவர்.)

அழைத்தார். மணி போனது. "அம்மா?" என்று மகன் குரல் கேட்டதும் போனைத் துபாஷியின் கையில் திணித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

துபாஷி தான் யாரென்று சொன்னாள். ஆபரேஷனைச் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மகன் கேட்டுக்கொண்டேயிருந்தான். பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மயக்கம் போடுறதுக்கு முன்னாடி அப்பா என்னைப் பத்திக் கேட்டாரா?"

தமிழில் வந்த கேள்வி, தமிழில் சொல்ல வேண்டிய பதில். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அவள் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார்.

அவள் பதிலாக 'கேட்டார்' என்று எழுதினேன். பொய் என்று அடித்தேன். 'எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் அதைக் கேட்டுவிட்டு யார் கிளம்பி வருவார்கள்? 'கேட்டிருக்கலாம்' என்பது பிச்சை போடுவதுபோல இருந்தது. 'கேட்காமல் இருந்திருக்க மாட்டார்' என்று எழுதி, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியவில்லை. அந்த மனிதரை எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது.

அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். கையில் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான், வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. "ஹலோ, இருக்கீங்களா?" என்கிறான்.

நீங்கள்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.