கட்டைபறிச்சானில் செய்த ஜப்பான் விளக்கு

என் வாய் சும்மா இருக்காது. அன்றைக்குத் துறைமுகச் சோதனைச் சாவடியிலும் இருக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஜப்பான் மிஸ் ஒருத்தி எங்கள் ஊர் கட்டைபறிச்சானுக்கு வந்து, மூங்கில் கீற்றிலும் மெல்லிய தாளிலும் விளக்குச் செய்யப் பழக்கினாள். நான் செய்தது இடுப்பளவு உயரம், சுரைக்காய் மாதிரி வளைவு. திருகோணமலை டவுனில் அவளுடைய வீட்டு விறாந்தையில் நிறுத்தி வைக்கக் கேட்டிருந்தாள். தூக்கிவரத் தம்பி கதிரவேலை லோஞ்ச் படகில் ஏற்றினேன். ஆமிக்காரர் சந்தேகத்தில் அவனைப் பிடித்து வைத்திருந்து பத்து நாளைக்கு முன்தான் விட்டிருந்தார்கள். இன்னொரு முறை பிடித்தால் திரும்பி வருவானா? மூதேவி நான், ஏன் இவனைக் கூட்டி வந்தேன் என்று வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

சாவடியில் அரிசிப் பை, உடுப்புப் பை எல்லாவற்றையும் கம்பியால் குத்தினார்கள். கம்பி விளக்குப் பக்கம் திரும்பியது.

"சேர், குத்தாதீங்கோ! ஒரு மாசம் குந்தியிருந்து செய்தனான். டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, உள்ளுக்கு ஒண்டும் இல்லை!"

"அக்கா, சும்மா இருங்கோ" என்று கதிரவேல் பல்லைக் கடித்தான்.

நேவிக்காரன் டோர்ச்சை உள்ளே விட்டான். எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, பற்றரியும் கொண்டுபோக விடமாட்டார்கள். என் விளக்கு எரிவதை நானே அப்போதுதான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வயிற்றில் இலங்கைப் படம் தெரிந்தது. கரையோரம் புள்ளிகள், கீழே கதிரவேலின் பெயர். ஜப்பான் தாள் போதாமல் போனதால் அவனுடைய பழைய கொப்பித் தாளைக் கிழித்து உள்ளே ஒட்டியிருந்தேன். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை, ஐயோ!

அவனைத் தனியே இழுத்து நிறுத்தினார்கள். அவர்களில் பெரியவன் வந்தான். எழுத்தை வாசிக்க லோஞ்ச் ஓட்டும் அலியார் நானாவைக் கூப்பிட்டான். அவர் சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"பயப்படாத தங்கச்சி. பள்ளிக்கூடக் கேள்வி இது, துறைமுகங்களைக் குறிக்கட்டாம். தம்பி திருகோணமலையக் கொழும்புக்குப் பக்கத்தில குறிச்சிருக்கார். மாஸ்டர் முட்டை போட்டிருக்கார்."

பெரியவன் குனிந்து பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். கதிரவேலின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னான்.

வெளியே வந்ததும் ரோட்டோரம் குந்திவிட்டேன்.

"பாத்தியளே அக்கா, நான் படிக்காததும் நல்லதுக்குத்தான்" என்று அவன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முட்டையை அவன் வாங்கி வந்த அன்றைக்கு ராச்சோறு கொடுக்காமல் அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியவள் நான். விளக்கை அப்படியே நிலத்தில் வைக்கச் சொல்லி, ரோட்டென்றும் பாராமல் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன்.