மூணு மணிச் சங்கு

1985 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஆவடி குவார்ட்டர்ஸில் ஆரோக்கியசாமியின் வீட்டுச் சமையலறைக்குள் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. வழக்கம்போல் தொழிற்சாலைக் கூரைமேல் ஒரு தடவை. அது ஓய்ந்ததும் சமையலறையில் ஒரு தடவை. எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியிலிருந்து உருண்டு விழுந்தன. பக்கத்து வீட்டு எல்லம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "இன்னாடி ஜெயசீலி, உங்கப்பன் சங்கக் கழட்டி ஊட்டுக்கே இட்டுகினு வந்துட்டாரா?" என்றாள். பன்னிரண்டு வயது ஜெயசீலி குனிந்து டம்ளர்களைப் பொறுக்கினாள். ஐந்து வயதுத் தம்பி டேவிட் மட்டும் கைதட்டிச் சிரித்தான்.

மறுநாள் அது தண்ணீர்த் தொட்டியடியில் ஊதியது. அதற்கடுத்த நாள் ரேஷன் வரிசையில் ஊதியதில் இரண்டு பேர் மண்ணெண்ணெயைக் கொட்டினார்கள். பேய்தான் என்று முடிவாயிற்று. முழுப்பரீட்சை லீவு என்பதால் பேய் பிடிக்க ஆள் பஞ்சமில்லை. எதிர் பிளாக் உத்தமன் தலைமையில் ஒன்பது பிள்ளைகள் கிளம்பினார்கள். ஆனால் உண்மையான தலைவன் டேவிட்தான். போலியோவில் சூம்பிய இடது காலுக்கு இரும்பு காலிப்பர் மாட்டி, அக்காவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, "அந்தாண்ட போ, இந்தாண்ட போ" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். பம்பு ஹவுசில் சாம்பல் தூவிப் பார்த்தார்கள். மாதா கோயில் மணிக்கூண்டில் காவல் இருந்தார்கள். எங்கே காத்திருந்தார்களோ அங்கேயே ஊதியது. தேடுகிறவர்களின் கேரியரிலேயே பேய் உட்கார்ந்து வரும் என்று யாரும் நினைக்காததால், கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் உத்தமன் சந்தேகப்பட்டு, மூன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் டேவிட்டின் காலிப்பரில் காதை வைத்தான். அடுத்த இரண்டு நாள் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஜெயசீலிக்கு மட்டும் முதல் நாளே தெரியும். குவார்ட்டர்ஸில் அப்போதெல்லாம் கடிகாரம் பார்த்து யாரும் எதுவும் செய்வதில்லை. உலை வைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் சங்கு ஊதினால்தான். 1980 ஜூனில் ஒரு நாள், தையல் ஷிப்டுக்குப் புறப்பட்ட அம்மா லூர்தம்மாள், மூன்று மணிச் சங்கு ஊதியதும் எட்டு மாதத் தம்பியை டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போய் சொட்டு மருந்து போட்டுவரச் சொன்னாள். ஜெயசீலிக்கு அப்போது ஏழு வயது. தம்பியை வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு காதைச் சங்குக்கு ஒதுக்கிவைத்துப் பாண்டி ஆடினாள். அன்று மூன்று மணிச் சங்கு ஊதவே இல்லை. வெயில் சாய்ந்ததும் சந்தேகம் வந்து ஓடிப் பார்த்தபோது டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. அடிக்குப் பயந்து, நர்சம்மா சிவப்பு மையில் போடுவதுபோலவே தடுப்பு மருந்து அட்டையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இடது காலின் தெம்பையும் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து அவனை இடுப்பிலும் பிறகு சைக்கிளிலும் சுமந்தாள். "அக்கான்னா இவதான் அக்கா" என்று யாராவது புகழ்ந்தால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

தொழிற்சாலையில் சங்கைப் பராமரிக்கும் கஜபதி வரவழைக்கப்பட்டார். காலிப்பரைத் தட்டிப் பார்த்து, மூன்று மணிவரை இருந்து கேட்டு, இது இப்போதைய சங்கு அல்ல, எண்பதில் எரிந்துபோன பழைய மோட்டாரின் குரல் என்றார். எரிந்த அன்று ஒரு மூன்று மணிச் சங்கு ஊதாமல் நின்றுபோனதாம். அதுதான் இந்த இரும்பில் வந்து ஒட்டியிருக்கிறது, சனிக்கிழமை கழற்றி உலையில் போட்டுவிடலாம் என்றார். புதுக் காலிப்பர் செய்துவர மூன்று மாதம் ஆகும். டேவிட் அந்த வாரம்தான் யாரையும் பிடிக்காமல் இருபத்தாறு அடி நடக்கப் பழகியிருந்தான். மூன்று மாதம் தரையில் தவழ்ந்தால் அதுவும் போய்விடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை கஜபதி திருப்புளியோடு குனிந்தபோது ஜெயசீலி குறுக்கே வந்து உட்கார்ந்தாள். "இரும்ப விட்டுடுங்க மாமா. அது எனக்குத்தான் ஊதுது" என்றாள். பிறகு பாண்டி ஆடியதையும் பூட்டிய கதவையும் சிவப்புப் பென்சிலையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். ஆரோக்கியசாமி சுவரைப் பார்த்துக்கொண்டார். லூர்தம்மாள் காய்ந்த துணியை மடிக்க உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. டேவிட்தான் முதலில் வாய் திறந்தான். "அப்ப பேய் உனக்குத் தெரிஞ்ச பேயா? பதினோரு நாளா வெயில்ல சுத்தவுட்டியேக்கா!" என்று கோபித்துக்கொண்டான். பிறகு சைக்கிளை எடுக்கச் சொன்னான்.

அன்று மூன்று மணிக்குச் சங்கு டம்ளர்களை உருட்டாமல், குக்கர் விசில் அளவுக்கு ஊதி அடங்கியது. அதன் பிறகு யாரும் அதைப் பேய் என்று சொல்லவில்லை. கால் வளர வளரக் காலிப்பர் மாறியது. சங்கும் தவறாமல் புதியதற்குக் குடிமாறியது. எல்லம்மா அதைக் கேட்டுத்தான் மாவு அரைக்க உட்கார்ந்தாள். டேவிட் மண்ணூர்பேட்டையில் லேத் பழகச் சேர்ந்தபின், அந்தப் பட்டறையில் அவன் கால் ஊதினால்தான் டீ வரும். சுவர்க்கடிகாரம் நின்று இரண்டு வருடமாகியும் முதலாளி அதற்குச் சாவி கொடுக்கவில்லை.

1996 ஜனவரியில் ஊரெங்கும் சொட்டு மருந்து முகாம் நடந்த சனிக்கிழமை, வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த ஜெயசீலி நான்கு மாதப் பெண்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தாள். காலை ஆறே முக்காலுக்கே சங்கு ஊதிவிட்டது. அது நேரம் தவறி ஊதியது அந்த ஒருநாள்தான். "இன்னும் தூங்கினுகீறியா? எழுந்துரு, என் காலே கூப்பிடுது" என்று டேவிட் எழுப்பினான். முகாம் திறக்குமுன்பே போய் முதல் ஆளாக நின்றார்கள். சொட்டு உள்ளே போனதும் குழந்தை முகத்தைச் சுளித்தது. டேவிட் அதற்குக் கைதட்டினான். கூட வந்திருந்த லூர்தம்மாள் மணிபர்சிலிருந்து மடித்து மடித்துத் துணிபோலான ஓர் அட்டையை எடுத்து மகள் கையில் வைத்தாள். சிவப்பு டிக் மங்காமல் இருந்தது.

"அன்னிக்கு சாயங்காலமே பாத்தேன்டி, பென்சிலு டிக்குனு. ஷிப்டு இல்லாத நாளு நானே இட்டுகினு போலாம்னு வுட்டுட்டேன்."