மூன்றாம் மலையில் நின்றவள்

காசிராஜனுக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு அவனுடையது. எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் இருபது பேரை அடைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு பேரு தாராளமா வரலாம்" என்பான். அப்படிப்பட்டவனுக்கு 1987ஆம் வருஷம் அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். டி.வி.யோடு ஒயரை மாட்டிவிட்டால் படம் வரும். ஆனால் தானாக ஓடாது, நாம்தான் பட்டனை அழுத்தி ஓட்ட வேண்டும். வீடியோ கேம் என்றார்கள். போடியில் நடக்கிற சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, டி.வி.யை உயரமான பெஞ்சில் ஏற்றிவைத்து, காசிராஜன் யாவாரத்துக்கு இறங்கிவிட்டான்.

முதல் நாள் கூட்டம் அள்ளியது. இரண்டாம் நாள் ஈ காக்காய் இல்லை. ஒருத்தன் விளையாடுவான், மற்றவர்கள் மணலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு குட்டி மனுஷன் மலை ஏறுகிறான், குதிக்கிறான், சுடுகிறான், சாகிறான். நடுநடுவே வருகிற எழுத்து இங்கிலீஷ்கூட இல்லை, ஜப்பான்காரன் எழுத்து. யார் அவன், எதற்காக ஏறுகிறான், ஏறாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்? கதை தெரியாமல் எங்கள் ஊர்க்காரன் எவ்வளவு நேரம்தான் உட்காருவான்.

அப்போதுதான் காசிராஜனுக்குச் சந்திரவல்லி ஞாபகம் வந்தது.

சந்திரவல்லியும் நானும் ஒரே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவர்கள். நான் சிலமலைக்காரி, வேலுத்தாய். அவள் ராசிங்காபுரம். பெற்றவர்கள் வைத்த பேர் அழகுமலை. ஆண்பிள்ளை என்று வளர்த்தார்கள். அவளுக்கோ தான் பெண் என்பதில் சின்ன வயதிலிருந்தே சந்தேகம் இருந்ததில்லை. புடவை கட்டிய அன்றைக்கே வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது திருநங்கை என்று மரியாதையாக ஒரு சொல் வந்திருக்கிறது. அன்றைக்கு ஊர் வாயில் இருந்ததெல்லாம் வெறும் ஏச்சுதான். மலை ஏறி வந்தவளை எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்து வரிசையில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவைத்தோம்.

ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு ஓடும். பகல் முழுக்கக் குனிந்து, விளைந்த காயை மட்டும் எடுக்க வேண்டும், பக்கத்துப் பிஞ்சில் கை படக்கூடாது. இடுப்பு ஒடிகிற சோலி. சந்திரவல்லி கதை சொல்ல ஆரம்பித்தால் எங்களுக்கு இடுப்பு இருப்பதே மறந்துபோகும். "வாய மூடிட்டு எடுங்க" என்று அதட்டிய கங்காணி மலைச்சாமியே போகப்போக எங்கள் வரிசையை விட்டு நகராமல் நின்றார். சந்தைக்கு இறங்கி ஏறுகிற ஜீப்பிலும் அவள் கதைதான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற காசிராஜனுக்குக் கண் ரோட்டில் இருக்கும், காது எங்களிடம் இருக்கும்.

அவனே லயத்துக்கு வந்து பேசினான்.

"மைக்கு குடுத்துர்றேன். படத்தப் பாத்துக் கத சொல்லு. ஆனா ஒண்ணு, தட்டிக்குப் பின்னாடிதான் உக்காரணும்."

"ஏண்ணே, என் மூஞ்சிக்கு என்ன கேடு?" என்றாள் சந்திரவல்லி.

"குரலு தேன் கணக்கா இருக்கு. ஆளப் பாத்தா பயக கதயவா கேப்பாய்ங்க? உன்னயத்தான் கேலி பண்ணுவாய்ங்க. எனக்கு யாவாரம் முக்கியம்."

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். பொய் இல்லை என்பதால் ஆத்திரம்தான் பொங்கியது. ஆனால் சித்திரையில் காய் எடுப்பு கிடையாது. அதோடு மைக்கில் கதை சொல்வது என்றால் அவளுக்குக் கசக்குமா? சரி என்றாள். மூங்கில் தட்டியில் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாக டி.வி.யைப் பார்த்துச் சொன்னாள். துணைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குட்டி மனுஷனுக்குச் சோலை என்று பேர் வைத்தாள். ஊரில் நெருப்பு அணைந்துபோய் அடுப்பு எரியவில்லை; ஐந்து மலை தாண்டி நெருப்பு கொண்டுவரக் கிளம்பிய பிள்ளை அவன் என்றாள். கல் எறிகிற பூதத்தைப் பார்த்து, "இவன் ரோட்டுல கல்லு உருட்டுற காண்ட்ராக்டரு" என்றாள். வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில், "முன்னாடி லாரி வருது, ஆரன் அடிடா சோலை" என்றாள். கொட்டகை குலுங்கியது. நான்காம் நாள் உட்கார இடமில்லாமல் ஆட்கள் வெளியே நின்று குரலை மட்டும் கேட்டார்கள். "யாருடா அந்தப் பொம்பள? என்னமா சொல்லுது!" என்ற பேச்சு தட்டிக்குப் பின்னால் எங்களுக்கே கேட்டது. சந்திரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் மலை வந்தால்தான் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அங்கே ஒரு மரப்பாலம். பாலத்தின் நடுவில் ஓர் உருவம் நிற்கும். நீள முடி, பாவாடை மாதிரி உடுப்பு, அகன்ற தோள், தாடையில் தாடி முளைத்த மாதிரி நாலு கறுப்புப் புள்ளி. ஒரு கையை நீட்டியபடி நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்ததுமே கூட்டம் முடிவு கட்டிவிட்டது. "ஏய், ஒம்போதுடா! காசு கேக்குதுடா! சுடு, சுடு!" விளையாடியவன் சுட்டான். உருவம் பள்ளத்தில் விழுந்தது. அப்படி ஒரு கைதட்டல். அதிலிருந்து எவன் விளையாடினாலும் அந்த இடத்துக்காகவே எல்லாரும் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் மைக் பேசாது. சந்திரவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதைத் தாண்டினால் நான்காம் மலை. அங்கே ஒரே இருட்டுக் குகை. திரை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஒன்றும் தெரியாது. நாலு அடி வைப்பதற்குள் சோலை எங்காவது விழுந்து செத்துப்போவான். ஒருத்தனாலும் அதைத் தாண்ட முடியவில்லை. பெட்டியில் ஏதோ கோளாறு என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது, கொட்டகை நிறைந்திருந்தது. எஸ்டேட் சனம் முழுக்க இறங்கி வந்திருந்தது, கங்காணி மலைச்சாமி முன்வரிசையில். காசிராஜன் தட்டிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"பாலத்துக்கிட்ட வந்தா வாயில என்ன கொழுக்கட்டையா? சனமே அதுக்குத்தான் வருது. ஒம்போது பூதம்னு நல்லா ராகம் போட்டுச் சொல்லு. இன்னைக்குச் சொல்லல, மைக்க வச்சிட்டுக் கெளம்பிரு. வேற ஆளு பாத்துட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரவல்லி நிமிர்ந்தாள்.

"அண்ணே, எல்லாப் பூதமும் கல்லெறியுது, நெருப்பெறியுது. அவ ஒரு தடவையாவது சோலையத் தொட்டாளா?"

காசிராஜன் விடவில்லை. "அதான் காசு கேட்டுக் கைய நீட்டுதுல்ல?"

"காசு கேக்குறான்னு யாரு சொன்னா? நீங்களாச் சொல்லிக்கிறீக. எங்களப் பாத்தா ஒங்களுக்குக் கை நீட்டுறது மட்டுந்தான் தெரியும். இன்னைக்கு ஒரு ஆட்டம் நான் சொல்ற மாதிரி நடக்கட்டும். அவளச் சுடக்கூடாது. ஆட்டம் அங்கேயே முடிஞ்சிருச்சுன்னா மைக்கக் குடுத்துட்டுப் போயிர்றேன், இந்தக் கொட்டக வாசலயே மிதிக்க மாட்டேன். ஆட்டம் முடியாம மேல போச்சுன்னா, தட்டிக்கு முன்னாடி உக்காந்து கத சொல்லுவேன். வாசல் போர்டுல எம் பேரு இருக்கணும். அழகுமல இல்ல, சந்திரவல்லி."

காசிராஜன் மனசுக்குள் லாபக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தலையாட்டினான். "யாரு வெளையாடுறது? எந்தப் பயலும் சுடாம இருக்க மாட்டானே."

"வேலுத்தாயக்கா. பிஞ்சத் தொடாம காயெடுக்குற கையி. அதுக்குத்தான் வெரல அடக்கத் தெரியும்."

அதுவரை ஒரு பெண் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. நான் போய் உட்கார்ந்ததும், "ஆத்தா, அது அருவாமனை இல்ல, பாத்து!" என்று ஒருவன் கத்தினான். "நீ ஒஞ் சோலியப் பாருடா" என்றேன். முதல் மலையில் இரண்டு தடவை செத்தேன். மூன்று உயிர்தான் தருவார்கள். மிச்சம் இருந்த ஒற்றை உயிரை வைத்துக்கொண்டு இரண்டாம் மலையை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. சந்திரவல்லி குரல் கூடவே வந்தது. பயந்தால் தட்டிக்கொடுத்தது, குதித்தால் சபாஷ் போட்டது.

பாலம் வந்தது. அவள் நின்றிருந்தாள்.

"சுடு! சுடு!" என்று கொட்டகை எழுந்துவிட்டது. நான் சுடவில்லை. சுடுகிற பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்து மடக்கிக்கொண்டு, சோலையை நடக்கவிட்டேன். பின்னால் மலையிலிருந்து ஒரு பெரிய பாறை உருண்டு வந்தது. சுட்டுவிட்டு ஓடுகிறவர்கள் கண்ணில் அது அதுவரை பட்டதே இல்லை. "அடியே, சாகப்போறே, சுட்டுட்டு ஓடு!" என்று மலைச்சாமி கத்தினார். மைக்கில் சத்தமே இல்லை. போச்சு, இவளும் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது மெதுவாக அந்தக் குரல் வந்தது.

"சோலை அவகிட்டப் போயி நின்னான். உங்க பேரு என்னன்னு கேட்டான். அவளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. இந்தப் பாலத்து வழியா எத்தனையோ பேரு போனாக, எல்லாரும் சுட்டுட்டுத்தான் போனாக, பேரக் கேட்ட மொத ஆளு நீதாண்டான்னா. எம் பேரு..." குரல் ஒரு நொடி நின்றது. "எம் பேரு சந்திரவல்லின்னா."

பாறை எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டமால் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், அவள் நீட்டிய கையில் பட்டுப் பாறை தூள் தூளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. காசு கேட்ட கையாம்! அவள் இடுப்பிலிருந்து ஒரு விளக்கை எடுத்துச் சோலையிடம் கொடுத்து, ஒதுங்கி வழிவிட்டாள்.

நான்காம் மலைக் குகைக்குள் சோலை நுழைந்தான். விளக்கு எரிந்தது. இத்தனை நாளும் கறுப்பாகக் கிடந்த திரையில் பாதை, படி, சுவரெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. விளக்குக் கொடுக்க நின்றவளைச் சுட்டுத் தள்ளிவிட்டு, இருட்டாக இருக்கிறதே என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். படி தெரிந்த பிறகு எனக்கென்ன, விறுவிறுவென்று ஏறினேன். ஐந்தாம் மலை உச்சியில் திரை முழுக்க ஒரு பெரிய படம் வந்தது. சோலைக்குப் பக்கத்தில் அவள் நின்றாள், தலையில் கிரீடம், முடி நிறையப் பூ, தாடையில் அந்த மெல்லிய தாடி நிழல். அந்த நாலு புள்ளியும் தற்செயலாக விழுந்தவை இல்லை. எங்கோ ஒரு ஜப்பான்காரன் தெரிந்தேதான் வைத்திருக்கிறான்.

விசில் பறந்தது. துண்டுகள் மேலே போயின. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சந்திரவல்லி தட்டியைத் தன் கையாலேயே தள்ளிவிட்டு, ஒயர் இழுபட மைக்கோடு முன்னால் வந்து நின்றாள்.

சத்தம் சட்டென்று அறுந்தது. தேன் குரலுக்கு உரியவளைக் கூட்டம் பார்த்தது. அவள் தோளைப் பார்த்தார்கள், தாடையைப் பார்த்தார்கள், திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் எவனோ இளித்தான். காசிராஜன் முகம் சுண்டிப்போயிருந்தது. எவனாவது அந்தச் சொல்லை எடுக்கட்டும், செருப்பு பிய்யும் என்று நான் எழுந்து நின்றேன்.

மலைச்சாமிதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா சந்திரவல்லி, நிப்பாட்டிட்டியே! நெருப்பு ஊருக்கு வந்து சேந்துச்சா இல்லையா? சொல்லு வெரசா!"

"ஆமா, சொல்லு தாயி!" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அப்பாடா, கதை கேட்கிற சனம் கதைதான் கேட்டது. சந்திரவல்லி டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு எல்லாரையும் பார்க்க உட்கார்ந்து, நெருப்பு ஊர் வந்து சேர்ந்த கதையைச் சொன்னாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷத்துக்கு அழுவதில் என்ன வெட்கம்.

காசிராஜன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், கூட்டம் அப்படி. வாசல் போர்டில் 'கதை: சந்திரவல்லி' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தான். திருவிழா முடிந்த பிறகும் கொட்டகையைப் பிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வெளியூர் ஆள் ஒருவன் விளையாட உட்கார்ந்தான். மடமடவென்று பாலத்துக்கு வந்தவன் சுடும் பட்டன் மேல் விரலை வைத்தான். மலைச்சாமி துள்ளி எழுந்தார்.

"யோவ், கைய எடுய்யா! அது நம்ம சந்திரவல்லிய்யா!"

"எடு, கைய எடு!" என்று மொத்தக் கொட்டகையும் எழுந்தது. அந்த ஆள் திருதிருவென்று முழித்தான். சந்திரவல்லி மைக்கில் சிரித்தாள். "அவரத் திட்டாதீக. ஊருக்குப் புதுசு. மொதல்ல பேரக் கேக்கச் சொல்லுங்க."

அவன் விரலை எடுத்தான். எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, டி.வி.யைப் பார்த்து, "உங்க பேரு என்னம்மா?" என்றான்.

கொட்டகையே சேர்ந்து பதில் சொன்னது.