ரதிதேவியின் மூச்சு

பிஜிக்காரர் சுந்தரசாமி தொண்டையில் துளையிட்டு, இயந்திரம் தரும் காற்றில் கிடந்தார். துளைக்குள் சேரும் சளியை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சியெடுப்பது நர்ஸ் ரதிதேவியின் வேலை. எண்பத்தாறில், அவள் ஆக்லாந்துக்கு வந்த புதிது.

"குழாய் உள்ளே போகும்போது உன் மூச்சையும் பிடித்துக்கொள். உனக்கு முட்டினால் அவருக்கும் முட்டும். உடனே வெளியே எடு" என்று தலைமை நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். நல்ல வழிதான். ஆனால் ரதிதேவி பன்னிரண்டு வருடமாகத் தினமும் காலையில் பிராணாயாமம் செய்கிறவள். ஒரு நிமிடம் போனாலும் அவளுக்கு முட்டாது. அதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் சளி நிறைய இருந்தது. முழுவதையும் எடுத்துவிடலாம் என்று நின்றாள். சுந்தரசாமி கட்டில் கம்பியில் விரலால் தட்டினார். பொறுமையில்லாத மனுசன் என்று நினைத்தாள். இதயத் துடிப்பு காட்டும் பெட்டி கத்தியபோது அவர் உதடு நீலமாகியிருந்தது. எத்தனை பேர் ஓடிவந்தும் அவர் பிழைக்கவில்லை.

"நான் சொன்னபடிதானே செய்தாய்" என்றாள் தலைமை நர்ஸ். பாவி, நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரிலுள்ள தன் வீட்டில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தால், பதினைந்து எண்ணுவதற்குள் கம்பியில் விரல் தட்டும்.

"இஞ்சாருங்கோ, ஆரோ தட்டுகினமே, கேக்கேல்லையோ?"

"ஒருத்தரும் தட்டேல்லையப்பா" என்பார் கணவர் தவராசா.

மூச்சை விட்டதும் தட்டல் நின்றுவிடும்.

இன்று காலையும் விட்டாள். நிற்கவில்லை.