கடலில் ஊறிய கயிறு

கரம்பொன் சனசமூக நிலையத்துப் பெண்கள், கயிறிழுத்தல் போட்டிக்கு முன் தங்கள் தும்புக்கயிற்றை மூன்று நாள் கடலில் ஊறப்போடுவார்கள். ஊறிக் காய்ந்தால் தும்பு இறுகும், உள்ளங்கைக்குப் பிடிகொடுக்கும். எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரைப் போட்டிக்காகப் போட்டதை அணித்தலைவி இரஞ்சிதம் வெளியே இழுத்தபோது, அது கறுத்துப்போய்க் கையில் நில்லாமல் வழுக்கியது. முந்தின நாள் ஆழ்வாப்பிள்ளை தன் மோட்டர் வள்ளத்தை அங்கேதான் கட்டி எஞ்சின் கழுவினார். கரையெல்லாம் கழிவு ஒயில் மிதந்தது.

மண்ணெண்ணெயால் துடைத்தார்கள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள். வழுக்கல் போகவில்லை. அவர்களும் போட்டிக்குப் போகவில்லை.

கிராம அலுவலரான விதானையாரிடம் கொடுக்க நட்டஈட்டு முறைப்பாட்டை இரஞ்சிதம் எழுதினாள். பொருள் எங்கே இருந்தது என்ற இடத்தில் பேனை நின்றது.

"கரைக் கொட்டிலுக்குள்ள எண்டு எழுதும்," என்றாள் பொருளாளர் கமலாதேவி. "கடலுக்குள்ள எண்டால் சிரிப்பினம்."

"கடலுக்குள்ளதானே கிடந்தது."

"விசரே உமக்கு? எங்களுக்குக் கயிறெல்லோ வேணும்."

கொட்டில் என்று எழுதினால் கயிறு கிடைக்கலாம். ஆனால் கடலில் ஒயில் ஊற்றினது பிழையில்லை என்று இரஞ்சிதமே ஒப்புக்கொண்டதாகிவிடும்; அடுத்த வருடமும் ஆழ்வாப்பிள்ளை அதே இடத்தில்தான் கழுவுவார். அவள் 'கடலில்' என்று எழுதினாள்.

விசாரணையன்று விதானையார் தியாகலிங்கம் அதை வாசித்துக் காட்டினார். கதிரையில் சாய்ந்திருந்த ஆழ்வாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் பிள்ளை, கடல் என்ன உங்கட அலுமாரியோ?"

"உங்கட ஒயில் பீப்பாவும் இல்லை, அண்ணை."

"சரி விடும். புதுக் கயிறொண்டு அன்பளிப்பாத் தாறன். அந்தக் கடதாசியைக் கிழியும்."

"அன்பளிப்பு வேண்டாம். நட்டஈடு எண்டு எழுதித் தாங்கோ."

"என்னத்துக்கு நட்டஈடு? நான் உங்கட கொட்டிலுக்குள்ள வந்து ஊத்தினனானோ? கடலுக்குள்ளதானே ஊத்தினனான்."

விதானையார் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுறீர்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"நீர் சொன்னதைத்தான். இந்தப் பிள்ளையும் கடலெண்டுதான் எழுதியிருக்கிறா. ரெண்டு பேரும் ஒரே கதைதான் சொல்லுறியள். கயிற்றுக்கு நட்டஈடு எண்டு போட்டிருக்கிறன், கீழ கையெழுத்தை வையும்."

ஆழ்வாப்பிள்ளை பேனையைத் தொடவில்லை. வெளியே பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"இதில கையெழுத்து வைச்சுப்போட்டு, இனி நான் ஒயிலை எங்க கொண்டுபோய் ஊத்திறது?"

"அதை வடிவா யோசியுங்கோ, அண்ணை," என்று இரஞ்சிதம் தன் கதிரையை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள். "நான் இருக்கிறன்."

அவர் யோசித்து முடிய மத்தியானமாகிவிட்டது. அவர் கையெழுத்து வைத்த பிறகும் இரஞ்சிதம் எழும்பாமல், மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.