எண்பதைத் தாண்டிய முள்

வாடிப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்தக் கோழிப்பண்ணையில் அன்று காலைதான் இரண்டாயிரம் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. பொரித்து ஒருநாள்கூட ஆகாதவை. வெளியே கார்த்திகை அடைமழை. பண்ணைக்காரன் ஜெயபாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டகைக்கு வெளியே தகரக் கூரையின்கீழ் நின்ற விறகு பாய்லரைப் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அதில் காயும் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் தள்ளும். கொட்டகைக்குள் ஓடும் குழாய்கள் அந்த வெந்நீரால் சூடேறிக் குஞ்சுகளைக் காக்கும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் விறகு போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவன் பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டான். தீ அணைந்து, குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியே முந்நூறு குஞ்சுகள் செத்தன. குழி வெட்டிப் புதைத்ததும் அவன்தான். அதனால் இந்தத் தடவை கருவேலங்கட்டைகளை அடுப்பின் வாய் கொள்ளாமல் திணித்திருந்தான்.

"இம்புட்டு விறகு எதுக்குங்க? பாதி போட்டாப் போதும்னு பாய்லர் மாட்டுனவரு சொன்னாருல்ல" என்றாள் அவன் மனைவி அன்னக்கொடி.

"நீ பேசாம இரு. அணைஞ்சா நீயா பதில் சொல்லுவ?"

மதியம் மூன்று மணிக்கு எங்கோ லைன்மேல் மரம் விழுந்து கரண்ட் போனது. மோட்டார் நின்றது. குழாயில் ஓடவேண்டிய தண்ணீர் பாய்லருக்குள்ளேயே கொதித்தது. சூட்டைக் காட்டும் முள் தாண்டக்கூடாத எண்பதைத் தாண்டி, தொண்ணூறையும் தொட்டது. மேலே ஆவிக்குழாய் சீறிக் கொதிநீரைத் துப்பியது.

ஜெயபாண்டி வாளித் தண்ணீரோடு அடுப்பை நோக்கி ஓடினான்.

"தீயில ஊத்தாதீங்க! தகடு வெடிச்சுப் போகும்!" அன்னக்கொடி வாளியைப் பிடித்து இழுத்தாள். பாதித் தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. குனிந்து, அடுப்புக்குக் காற்றுப் போகும் சின்னக் கதவைக் கம்பியால் தள்ளி மூடினாள். அப்படியும் முள் இறங்கவில்லை. உள்ளே கங்கு அவ்வளவு கிடந்தது.

அவன் கொட்டகைக்குள் ஓடினான். குழாயைத் தொட்டால் ஆறிக்கொண்டு வந்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டே ஒரு மூலைக்கு நகர ஆரம்பித்திருந்தன. வெளியே வந்தான், உள்ளே போனான், மறுபடி வந்தான். இங்கே சூடு வீணாய்ப் போகிறது, அங்கே குளிரில் சாகக் கிடக்கின்றன.

"அன்னம், ஒச்சம்மாக்காகிட்ட பால் கேன் எத்தனை இருக்கும்?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும். ஏன்?"

அவன் மழையில் ஓடினான். அடுத்த தோட்டத்தில் வீடு வீடாகப் பால் வாங்கி டிப்போவுக்கு அனுப்புகிறவள் ஒச்சம்மாள். விஷயத்தைக் கேட்டதும் கேன்களைத் தன் தள்ளுவண்டியில் அவளே ஏற்றினாள்.

பாய்லரின் அடிக்குழாயைத் திறந்து ஜெயபாண்டி வெந்நீர் பிடித்தான். இறங்கிய அளவுக்கு மேல்வாய் வழியாகப் பச்சைத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள் அன்னக்கொடி. மூடிய கேன்களில் சாக்கைச் சுற்றி, குஞ்சுகளுக்கு நடுவில் அங்கங்கே வைத்தாள் ஒச்சம்மாள். முதலில் மிரண்டு விலகிய குஞ்சுகள், பிறகு ஒவ்வொன்றாய் வந்து சாக்கில் ஒட்டிப் படுத்தன. முள் எழுபதுக்கு இறங்கியது.

ஆறிய கேனைத் தூக்கிவருவதும் சுடுகேனைக் கொண்டுபோவதுமாக மூன்று மணிநேரம் அவன் ஓடினான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"ஏப்பா, சித்த உக்காரு. நான் தூக்குறேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"உக்காந்தா ஒண்ணும் ஓடாதுக்கா."

ஆறு மணிக்குமேல் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. குழாய்கள் சுட ஆரம்பித்த பிறகுதான் மூலையில் நசுங்கிக் கிடந்தவற்றைப் பொறுக்கினார்கள். ஏழு.

"ஏழுதாங்க" என்றாள் அன்னக்கொடி.

அவன் தலையாட்டினான். "பாதி விறகு போட்டிருந்தா இந்தப் பாடு இல்லல்ல?" என்று கேட்டான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அதற்குள் அவன் கண் பாய்லர் பக்கம் போய்விட்டது.